முதலாளி விளையாட்டு

செங்கல் சூளை முதலாளி நல்லசிவத்துக்குத் தன் மீசையைவிடப் பூட்டின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஓடிப்போகப் பார்த்த காளிங்கனை அடித்து நொறுக்கி, கரிக்கொட்டகையில் போட்டுப் பூட்டியிருந்தார். அன்று பார்த்து தாசில்தார் வருவதாகத் தகவல் வந்தது. சூளைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேடியம்மாளைக் கூப்பிட்டார். காளிங்கன் அவள் புருஷன்.

“புள்ளைங்க சந்தோஷமா விளையாடறதை ஆபீசர் பார்க்கணும். எவளாவது வாயைத் திறந்தா உன் புருஷன் உள்ளேயே கிடந்து சாவான்.”

“ஒரு வார்த்தை வராதுங்க. தினமும் விளையாடறதையே விளையாடட்டும்.”

தாசில்தார் வந்தார். ஒரு பயல் கரியால் மீசை வரைந்துகொண்டு இன்னொருவனைக் குச்சியால் விளாசினான். அடிபட்டவன் இடது காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தான். அவனைச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் தள்ளிப் பூட்டுவதுபோல் குச்சியைக் குறுக்கே வைத்தார்கள். காளிங்கனின் மகள் மட்டும் சிரட்டையில் மண்சோறு எடுத்துப்போய், நிஜக் கொட்டகையின் கதவடியில் வைத்தாள்.

தாசில்தார் சாவி கேட்டார்.

“நீதானேடி சொல்லிக் கொடுத்தே?” என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

“நான் எங்கேங்க? புள்ளைங்க பார்த்துப் பார்த்து விளையாடித்தானே எல்லாம் கத்துக்குது. வாத்தியார் நீங்கதாங்க.”

கதவு திறந்தது. காளிங்கன் தவழ்ந்து வந்தான், இடது காலை இழுத்துக்கொண்டு. தவழ்ந்த பயல் ஆடியதில் ஒரு பிசகும் இல்லை.