கத்திக்கு அஞ்சாத சிங்கம்

கவுன்சிலர் பரமானந்தம் நகராட்சிக் கூட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசி எல்லாரையும் அழவைத்துவிட்டார். "ஆபரேஷன் மேசையில் பெண்கள் மட்டும்தான் படுக்க வேண்டுமா?" என்றபோது மேசைகள் அதிர்ந்தன. அத்தனையும் அதே ஊர்ப் பெண் ஜெசிந்தா தன் வலைப்பூவில் எழுதிய வரிகள்.

"அது நான் எழுதினதாச்சே" என்று அவள் நேரில் போய்க் கேட்டாள். அவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். "என் பேச்சு இல்லைன்னு என் வாயாலேயே சொல்ல வெச்சிடு தாயி, பார்க்கலாம்."

"சரிங்க ஐயா" என்று வந்துவிட்டாள்.

மறுநாளும் விவாதம். அவள் அன்று எழுதியதற்கு 'ஓர் ஆண்மகன் பேசவேண்டிய பேச்சு' என்று தலைப்பு. கவுன்சிலரின் உதவியாளர் வழக்கம்போல் அதை வலைப்பூவிலிருந்து எடுத்து, தலைப்பை மட்டும் வெட்டிவிட்டுக் கையில் கொடுத்தார். பரமானந்தமும் வழக்கம்போல் முன்கூட்டிப் பாராமல் முழங்கினார். கடைசி வரி இது: "நாளைக் காலை கருத்தடை முகாமில் முதல் ஆளாக நானே படுக்கிறேன்!"

தொண்டர்கள் சும்மா இருப்பார்களா? விடிவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் பிளெக்ஸ்: 'கத்திக்கு அஞ்சாத சிங்கமே வருக!' மேளம், மாலை, டி.வி. மைக். வேட்டியை இறுகப் பிடித்திருந்த தலைவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்; மைக்குகளும் கூடவே போயின. டாக்டர் கையுறை மாட்டினார்.

"ஐயோ, அது என் பேச்சே இல்லைய்யா! ரெண்டு நாளும் அந்த ஜெசிந்தா எழுதினதைத்தான் படிச்சேன்!"

மைக்குகளுக்குப் பின்னால் நின்ற ஜெசிந்தா கும்பிட்டாள். "இது போதும் ஐயா. சிங்கத்தை இறக்கி விடுங்கப்பா. வெளியில பொம்பளைங்க வரிசையில நிக்கிறாங்க, அவங்களுக்கு மேளமெல்லாம் வேண்டியதில்லை."