விரிசல் விட்ட இடம்

"மாப்ள, எதையும் விட்டுக்…"

தன் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்துத் தாய்மாமன் சொன்ன வாழ்த்தில் இவ்வளவுதான் மாசிலாமணிக்கு நினைவிருந்தது. விட்டுக்கொடு என்றாரா, விட்டுக்கொடுக்காதே என்றாரா, மீதி மேளச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

ஆசிரமத்துச் சீடர்களில் அவன் ஒருவன்தான் இன்ஜினியர். மலைச்சரிவில் தடுப்புச் சுவர் கட்டியதும் அவன்தான். இப்போது அந்தச் சுவரில் விரிசல்.

சுவருக்குக் கீழே நோயாளிகள் படுத்திருக்கும் கூடம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

குரு தவமணி அம்மா வந்தார். அவனைவிட இளையவர்.

"என்ன இன்ஜினியர் சார், சுவர் ஓடிடும்னு காவல் நிக்கிறீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு தடவை பூசிட்டேன் அம்மா. மறுபடி அதே இடத்துல விரிசல் விட்டுடுச்சு."

"எந்த இடம்?"

"அஸ்திவாரம் படி இறங்குற இடம். சரிவு பாருங்க, அதனால அடியில படிக்கட்டு மாதிரிதான் இறக்கினேன். மேல சுவரை மட்டும் ஒரே துண்டா ஓட்டிட்டேன்."

"ஏன்?"

"ஒவ்வொரு படியும் தனித்தனியா அமுங்கும், நடுவுல இடைவெளி விடணும்னு தெரியும். விட்டா அங்கதான் உடையுமோன்னு பயம்."

அம்மா பக்கத்துக் கல்படிகளைக் காட்டினார்.

"முழங்காலை மடக்காம இறங்குங்க."

"விழுந்துடுவேன் அம்மா."

"காலையிலேர்ந்து விறைப்பாத்தானே நிக்கிறீங்க? அப்படியே இறங்குங்க."

ஒரு படி இறங்கினான். இடுப்பில் வெட்டியது. அடுத்த படியில் உடம்பு முன்னால் சாய்ந்தது. ஐயோ என்றான். முழங்கால் மடங்கி அவனை நிறுத்திற்று.

"மடக்காதீங்கன்னு சொன்னேனே?"

"நான் மடக்கலை அம்மா. அதுவா மடங்கிக்கிச்சு."

அம்மா விரிசலில் விரலை வைத்தார்.

"சுவரையும் யாரும் இங்க விரிசல் விடச் சொல்லலை."

மாசிலாமணி விரிசலையே பார்த்தான். மேலே கோணலாகப் போயிருந்தது. கீழே சரியாகப் படியின் விளிம்பில் வந்து நின்றது.

"இன்னிக்கு ராத்திரி தாங்குமா அம்மா?"

"கீழ நீங்க படுப்பீங்களா?"

முதல் தூறல் அவன் கையில் விழுந்தது.

நோயாளிகளை உடனே மேல் கட்டடத்துக்கு மாற்றச் சொன்னான். மழை விட்டதும், அஸ்திவாரம் படி மாறும் ஒவ்வொரு இடத்திலும் சுவரை மேலிருந்து கீழ்வரை அறுத்து இடைவெளி விட ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினான்.