எள்ளின் ருசி

"அம்மா, நான் மடத்தை விட்டுப் போகிறேன்" என்றார் சிவக்கொழுந்து.

மல்யுத்தத்தில் பேர் வாங்கியவர். தலை நரைத்த பிறகு துறவு தேடி ஆற்றங்கரை மடத்துக்கு வந்திருந்தார். அங்கே குருவாக இருந்த ஞானாம்பிகை அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். வைத்தியமும் தெரிந்தவர்.

"ஏன் ஐயா?"

"எள் எனக்கு ஆகாது. எள்ளுச்சாதம் கிளறிய கரண்டி என் சோற்றில் பட்டுவிட்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. நீங்கள் மருந்து தராவிட்டால் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். மலைபோன்ற ஆட்களைச் சாய்த்தவன், எள்ளுக்குப் பயந்து ஒதுங்கிச் சாப்பிடுகிறேன். காட்டில் தனியாக இருந்துகொள்கிறேன்."

"காட்டுக்கு நாளைக்குப் போகலாம். இப்போது உட்காருங்கள்."

அம்மை ஓர் எள்ளைப் பொடித்தார். அதில் ஊசிமுனையளவு எடுத்துக் கஞ்சியில் கலந்து நீட்டினார்.

சிவக்கொழுந்து பின்னால் நகர்ந்தார்.

"இது எனக்கு விஷமாயிற்றே."

"உங்கள் உடம்பு அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். மருந்தும் இருக்கிறது."

குடித்தார். உதடு அரித்தது. வெயில் ஏறும்வரை அம்மை அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரிப்பு தானாக அடங்கியது.

மறுநாளும் அதே அளவு. அதற்கு அடுத்த நாளும்.

"கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். தாங்குவேன்."

"நீங்கள் தாங்குவீர்கள். உடம்பு இன்னும் பழகவில்லை."

பல நாள் கழித்துத்தான் ஒரு துளி கூட்டினார். ஒருமுறை சிவக்கொழுந்துக்குக் குமட்டியது, அளவு குறைந்தது. காய்ச்சல் கண்டபோது இன்னும் குறைந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறியது.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. சிவக்கொழுந்து பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்தார். பரிமாறும்போது பக்கத்து இலையிலிருந்து எள்ளுச்சாதம் கொஞ்சம் அவர் இலையில் தெறித்தது.

பந்தியில் எல்லோர் கையும் நின்றது.

அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ரசம் கேட்டார்.

பந்தி முடிந்ததும் நேரே அம்மையிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எள்ளை வென்றுவிட்டேன் அம்மா. இனிமேல் தினமும் சாப்பிட வேண்டியதில்லை அல்லவா?"

"விட்டுவிட்டால் உடம்பு மறந்துவிடும். தினமும் கொஞ்சம் சாப்பிடத்தான் வேண்டும்."

"வென்ற பிறகுமா?"

"எள் உங்களோடு சண்டைக்கு வந்ததே இல்லையே ஐயா."

 சிவக்கொழுந்து அன்றைய பங்கை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"லேசாகக் கசக்கிறதே" என்றார்.

"எள் அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மை.