யூதாசின் நாற்காலி

பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர் பன்னிருவரின் காலைக் கழுவிய நினைவாக, சாமியார் பாதம் கழுவப் போட்ட பன்னிரண்டு நாற்காலியிலும் மேலத்தெரு ஆண்களே உட்கார்ந்துவிட்டார்கள். கீழத்தெருக் கால் ஒன்று வரிசையில் வந்தாலும் எழுந்து போய்விடுவோம் என்று நாட்டாமை தைரியநாதர் சொல்லியிருந்தார். புதுச் சாமியார் கால் கழுவும் தட்டை எடுத்து வைத்தார்.

கோயில் பெருக்கும் கீழத்தெருக்காரி தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஐயா, இதுல யூதாசு யாரு?"

"வந்த வேலையப் பாரு, புள்ள" என்றார் தைரியநாதர்.

"அதான் ஐயா பாக்கறேன். ஆண்டவர் அவன் காலையும்தானே கழுவினாரு? எந்த நாற்காலின்னு சொன்னா அங்கேயும் தண்ணி வைப்பேன்."

பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"எங்க தெருவுல அப்படி ஒருத்தனும் கிடையாது" என்றார் தைரியநாதர்.

"அப்ப பதினொரு பேருதான் ஆச்சு. அந்த ஒரு எடத்த எங்களுக்குக் குடுங்க. நாங்க பாவிங்கதான், ஒத்துக்கிறோம். காட்டிக்கொடுத்தவன் காலையே தொட்டவரு எங்க காலைத் தொடமாட்டாரா?"

தைரியநாதர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே நடந்தார். கோபமோ வெட்கமோ, அவருக்கே தெரியாது. யாரும் அவர் பின்னால் எழவில்லை.

சாமியார் தட்டை எடுத்துக்கொண்டு காலி நாற்காலியின் முன்னே மண்டியிட்டார். "உட்காரும்மா" என்றார்.

இன்று அந்த வரிசையில் இரண்டு தெருவும் கலந்துதான் உட்காருகிறது. அப்படி உட்கார வைத்தவள் சலேத்மேரி.