மூணு ஓலை வாசிச்ச கித்தாரு

மோத்தா கித்தார் பெட்டிய மடியில வச்சு, அதுமேல ரெண்டு முழங்கையையும் ஊனி உக்காந்திருந்தாரு. அடைகாக்குற கோழிகூட அவ்வளவு அழுத்தி உக்காராது.

"பெட்டியத் தொறடே மோத்தா"ன்னாங்க புளோரன்ஸ் அக்கா.

எங்க மெல்லிசைக் குழுவுக்கு அக்காதான் மொதலாளி, அக்காதான் பாட்டுக்காரி. அன்னைக்குத் தூத்துக்குடியிலேர்ந்து வேன் பிடிச்சு, கடற்கரையோரம் ஒரு ஊர்ல மாதா கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தோம். ஜெனரேட்டர் இன்னும் வரல. மேடைக்குப் பின்னால அக்கா, டிரம்ஸ் அடிக்கிற வாஸ், மைக் செட்டு அருளப்பன், மிமிக்ரி பண்ணுத நான், எல்லாரும் காத்துக் கெடந்தோம். கீபோர்டுப் பிள்ளை ஓரமா உக்காந்து பட்டனத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு.

அந்தப் பட்டன்லதான் வெனையே. நாலு மாசத்துக்கு முன்னால ஒரு திருவிழாவுல ஸ்பீக்கர் பாக்ஸ் சரிஞ்சு விழுந்து மோத்தாவோட பழைய கித்தார் அப்பளமாப் போச்சு. "கடைக் கித்தார் எனக்குச் சரிப்படாதுக்கா. ஒவ்வொரு சாமானா நானே பொறுக்கி, ஒண்ணுக்கொண்ணு பொருத்தம் பாத்து, நானே கூட்டுதேன்"னு சொல்லிட்டுப் போனாரு. போனவரு போனவருதான், அன்னைக்குக் காலையிலதான் பெட்டியோட வந்து நின்னாரு. அதுவரைக்கும் கீபோர்டுப் பிள்ளை ஒரு பட்டன அமுக்கும், கித்தார் சத்தம் தன்னால வரும். கித்தார்காரன் எங்கன்னு ஒரு ஊர்லயும் ஒருத்தனும் கேக்கல. அக்காவுக்கு வேன்ல ஒரு சீட்டு மிச்சம், பிரியாணியில ஒரு பொட்டலம் மிச்சம். அதனால அவரு வந்த ஒடனேயே சொல்லிட்டாங்க: "ஒன் கித்தார் பட்டன விட நல்லா இருந்தா நீ இரு. இல்லைன்னா பட்டன் இருக்கட்டும்."

"தொறக்கத்தான் போறேன்"னாரு மோத்தா. "ஆனா சும்மா தொறந்தா உள்ள இருக்கதோட அருமை ஒங்களுக்குத் தெரியாமப் போயிரும். மொதல்ல ஒடம்பு. அந்தக் காலத்துல பர்மாத் தேக்குல ஒரு தோணி கட்டுனாங்க. கொளும்புக்கு ஓடு ஏத்திட்டுப் போற தோணி. நடுக்கடல்ல முங்கிட்டு. தோணிதான் முங்குச்சு, அதுல ஒத்தப் பலகை மட்டும் முங்கல. 'ஓடு முங்கட்டும், ஓனரு முங்கட்டும், நான் ஏன் முங்கணும்?'னு நீந்தி கரைக்கு வந்துட்டு."

"பலகையா?"ன்னான் அருளப்பன்.

"பலகைதான். மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. நகத்தால ஒரு சுண்டு சுண்டினேன். 'ஸா...'ன்னு பிடிச்சுது பாரு! அப்படியே போட்டுட்டு வீட்டுக்குப் போய், குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு வாரேன், இன்னும் 'ஸா'லதான் நிக்கி. உள்ளங்கையால பொத்தித்தான் நிறுத்துனேன். பொத்துன கையில சுருதி ஏறிட்டு. அந்த வாரம் பூரா எவனுக்குக் கை குடுத்தாலும் அவன் பாடிருவான்."

"எனக்குக் கை குடுத்தீங்களேண்ணே. நான் பாடலையே?"ன்னான் வாஸ்.

"பாடினடே. நீ டிரம்ஸ்காரன். ஒனக்கு எங்க காது கேக்குது?"

அக்கா பெருமூச்சு விட்டாங்க. "தேக்குன்னதும் வயிறு எரியுது. என் கோழிக்கூட்டுக்கு நல்ல தேக்குப் பலகையில கதவு போட்டிருந்தேன். எவனோ களவாண்டுட்டான். அன்னையிலேர்ந்து கோழி அம்புட்டும் என் கட்டிலுக்கடியிலதான் படுக்கு. சேவல் எந்திரிக்கும்போதுதான் நானும் எந்திரிக்கேன்."

"காலம் கெட்டுக் கெடக்குக்கா"ன்னாரு மோத்தா. "சரி, கழுத்துக்கு வாரேன்."

பெட்டிய இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

"இங்கனதான் எல்லாவனும் கோட்டை விடுவான். நல்ல ஒடம்பா எடுத்துட்டு, கழுத்துக்கு எதையாவது கொண்டாந்து மாட்டிருவான். ஒடம்பு ஒரு பக்கம் இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், நடுவுல கம்பி கெடந்து அழும். புருசன் பொஞ்சாதி சண்டையில பிள்ளை அழுவுத மாதிரி. நான் அப்படி விடுவனா? ஒடம்புக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டேன். மலையாளத்துக் காட்டுல ஒரு ஈட்டி மரம் நிக்கி. அதுல குயிலே பயந்து பயந்துதான் உக்காரும். சுருதி விலகிக் கூவினா கொப்பை ஒரு ஆட்டு ஆட்டித் தள்ளிவிட்ரும். காக்கா சுத்திக்கிட்டுத்தான் போவும். அதுல ஒரு கொப்பக் கொண்டாந்து ஒடம்புக்குப் பக்கத்துல வச்சேன். ரெண்டும் மொகத்தத் திருப்பிக்கிடல. சம்மதம்னு அர்த்தம். பொறவு? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிட்டேன்."

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பூசையில மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு வாசிச்சு, 'இதுக்கு யாருக்காவது தடை இருந்தா சொல்லலாம்'னு கேப்பாங்க. அதுதான் ஓலை. மரக்கட்டைக்கு ஓலை வாசிச்சத எங்க பரம்பரையில ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்.

"சாமியார் வாசிச்சாரா வே?"ன்னு கேட்டேன்.

மோத்தா தொண்டையச் செருமி, சாமியார் கொரல்ல ஆரம்பிச்சாரு. மிமிக்ரிக்காரன் நான் பக்கத்துல இருக்கேன்னு கொஞ்சம்கூட கூச்சம் இல்ல. "'கடல்வழி வந்த தேக்கின் மகனான ஒடம்புக்கும், மலைவழி வந்த ஈட்டியின் மகளான கழுத்துக்கும்...' மொத ஓலை. ரெண்டாம் ஓலை. மூணாம் ஓலை. கோயில் கம்முனு இருக்கு. ஒரு குருவி தடை சொல்லணுமே! சொல்லல. மந்திரிச்சு, ஆணி அடிச்சு, சேத்து வச்சிட்டேன்."

"நான் ஒரு ஞாயிறு தவறாம பூசைக்குப் போறேன். என் காதுல விழலையே?"ன்னாங்க அக்கா.

"நீங்க ரெண்டாம் பூசைக்கா. இது மொதப் பூசை."

வாஸ் தலையச் சொறிஞ்சான். "ஈட்டின்னா ஞாவகம் வருது. எங்க கேரம் போர்டுக்கு நாலு பக்கச் சட்டமும் ஈட்டி. ஒரு பக்கத்த எவனோ பேத்துட்டுப் போயிட்டான். இப்ப அந்தப் பக்கமா அடிச்சா காய் நேரா தெருவுக்குப் போவுது. நேத்து செவப்புக் காய் டீக்கடைக்காரர் கிளாஸ்ல விழுந்து, சீனின்னு நெனச்சு அவரு அதக் கலக்கிக்கிட்டு இருக்காரு."

"ச்சே ச்சே"ன்னு மோத்தா உச்சுக் கொட்டுனாரு. வாஸ் மொகத்த மட்டும் பாக்கல. "அடுத்தது பிக்கப்பு. கம்பிக்கு அடியில இருக்குமே, காந்தத்துல செம்புக் கம்பி சுத்துன சாமான். கம்பி ஆடுத ஆட்டத்த ஸ்பீக்கருக்குச் சொல்லுறது அதுதான். காந்தம் மட்டமா இருந்தா, கோள் சொல்லுத மாமியார் மாதிரி ஒண்ண ஒம்பதாச் சொல்லிரும். ஊர்க் காந்தம் ஒண்ணும் என் மரத்துக்குப் பிடிக்கல. முயல் தீவுல வானத்துலேர்ந்து ஒரு கல்லு விழுந்துச்சு. சுடச்சுட எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடந்து வாரேன். பின்னால என்னமோ சத்தம். திரும்பிப் பாக்கேன்: ரெண்டு சைக்கிளு, ஒரு இட்லிக் கொப்பரை, ஒரு தண்ணி லாரி, அம்புட்டும் ஆளில்லாம என் பின்னாலயே வருது."

"தீவுலேர்ந்து நடந்தா வந்தீங்க?"ன்னான் அருளப்பன். "நடுவுல கடலு இருக்குமேண்ணே?"

"தண்ணி லாரி எதுக்கு வந்துச்சுன்னு நெனைக்க? கடல உறிஞ்சுறதுக்குத்தான். கேளு. கல்ல வீட்டு மேசையில வச்சேன். கொளும்புக்குப் போற கப்பல் ஒண்ணு திரும்பி நம்ம ஹார்பருக்கு வந்து நின்னுட்டு. கேப்டன் வந்து கதவத் தட்டுதான். 'ஐயா, காந்தத்தக் கொஞ்சம் திருப்பி வைங்க, சரக்குல வெங்காயம் இருக்கு, அழுவிப் போவும்.' பாவம்னு தெக்க பாத்துத் திருப்பி வச்சேன். எஞ்சினே போடாம கொளும்பு போய்ச் சேந்துட்டான். டீசல் மிச்சம்னு எனக்கு ஒரு டப்பா மக்ரூன் அனுப்பிவிட்டான்."

"நம்ம ஊரு மக்ரூன ஏன் வே கொளும்புக்காரன் அனுப்புதான்?"னேன்.

"நல்ல பொருள் எங்க போனாலும் திரும்பி வந்துரும் வே."

அருளப்பன் யோசனையில ஆழ்ந்துட்டான். "என் பெரிய ஸ்பீக்கரு ஊமையாயிட்டு. கழத்திப் பாத்தா பின்னால காந்தத்தக் காணும். வெறும் பேப்பருதான் கெடக்கு."

"பாத்தியளா!"ன்னு மோத்தா துள்ளுனாரு. "ஒன் காந்தத்தயும் என் கல்லு இழுத்துட்டு! நான் சொன்னா புளுகுன்னிய. இப்ப அவன் வாயாலயே சாட்சி வந்துட்டு!"

அருளப்பன் பெட்டிய உத்துப் பாக்க, மோத்தா அடுத்ததுக்குத் தாவிட்டாரு.

"கடைசியா வால்யூம் குமிழு. லைட் ஹவுஸ்ல வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கிற குமிழு. அதுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிருக்கும். ஒண்ணுல வச்சு ஒரு தட்டு தட்டினேன். பல வருசமாப் பேசாம இருந்த பக்கத்து வீட்டு அண்ணனும் தம்பியும் பேசிக்கிட்டாங்க."

"என்ன பேசிக்கிட்டாங்க?"

"'என்னடே சத்தம்?'னு. ரெண்டுல வச்சேன். உப்பளத்துப் பாத்தியில கெடந்த தண்ணி நடுங்கிப் போய், வெயிலே இல்லாம உப்பாப் பூத்துட்டு. மூணுல வச்சு ஒத்த நோட்டு. அது தெக்க கெளம்பிப் போச்சு. போயிட்டுன்னு நெனச்சு நான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். உலகத்த ஒரு சுத்து சுத்தி, வடக்கேர்ந்து வந்து என் முதுகுல தட்டுது! பாக்கேன், சுருதி ஒரு இம்மி கொறையல. ஸ்வெட்டர் மட்டும் போட்டிருக்கு. வடக்க குளிருல்லா?"

நான்தான் மெதுவா கேட்டேன், "நாலுல வச்சா?"

"நாலு கெடையாது வே. மூணோட சரி. ஊரு நல்லா இருக்கணும்."

"எடது பக்கம் திருப்புனா?"

"விட்டு விட்டு வரும்."

மூணு வரைக்கும் நம்பரு போட்டு, எடது பக்கம் திருப்புனா விட்டு விட்டு ஓடுற குமிழு எனக்குத் தெரிஞ்சு உலகத்துல ஒண்ணுலதான் உண்டு. என் வீட்டு மிக்சிய என் பொஞ்சாதி இப்பக் குறடு போட்டுத்தான் திருப்புதா.

அந்நேரம் பாத்து ஜெனரேட்டர் வந்துட்டு. அக்கா எந்திரிச்சாங்க. ஒரே இழுப்பு. பெட்டி அக்கா கையில. தொறந்தாங்க.

மொதல்ல ஒரு கோழி எறகு பறந்து வெளிய வந்துச்சு.

பின்னாலதான் கித்தார் தெரிஞ்சுது. தேக்கு ஒடம்பு, ஓரத்துல கோழி கீறுன கோடு, இடுப்புல கூட்டுக் கதவோட கொண்டி அப்படியே தொங்குது. ஈட்டிக் கழுத்துல 'வாஸ்'னு பேனாக் கத்தியால வெட்டுன பேரு. பிக்கப்புல பாதி கிழிஞ்ச 'அருளப்பன் ஆடியோஸ்' ஸ்டிக்கரு. குமிழுல ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுக்குப் பக்கத்துல காஞ்சு போன தேங்காச் சட்டினி.

"தடை இருக்கு"ன்னான் வாஸ்.

"எனக்கும் தடை இருக்கு"ன்னான் அருளப்பன்.

"நான் ரெண்டாம் பூசைக்காரிதான். இருந்தாலும் எனக்கும் தடை இருக்கு"ன்னாங்க அக்கா.

மோத்தா அசரணுமே! "அக்கா, அந்தப் பலகை நீந்தி வந்து எங்க ஒதுங்குச்சுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே? ஒங்க கோழிக்கூட்டுலதான்! தான் யாருன்னு காட்டிக்கிடாம, கோழிக்கு மத்தியில அடக்கமா வாழ்ந்திருக்கு."

"வாசி"ன்னாங்க அக்கா.

வயர மாட்டிக்கிட்டு மேடையேறுனாரு. வாய் மட்டும்தான் பொய் சொல்லும், கை சொல்லாதுல்லா? அக்கா வழக்கமா மொதல்ல பாடுற மாதா பாட்டோட மெட்டத் தொட்டாரு. தொட்ட ஒடனே பந்தலுக்குக் கீழ தோரணம் கட்டிக்கிட்டு இருந்தவங்க கயித்தக் கீழ விட்டுட்டு நிமுந்து பாத்தாங்க. கடலை வறுக்கிறவன் கரண்டிய நிறுத்திட்டான். கீபோர்டுப் பிள்ளை தன்னயறியாம பட்டன்லேர்ந்து வெரல எடுத்துட்டு.

நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

வாசிச்சு முடிச்சதும் வாஸ் மேடையேறிட்டான். "கழத்துங்க என் சட்டத்த."

மோத்தா கித்தாரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "மூணு ஓலை வாசிச்சு, மந்திரிச்சு முடிஞ்ச கல்யாணம்டே! நம்ம கோயில்ல பிரிச்சு வைக்கிற வழக்கம் உண்டா? அக்கா, நீங்களே நியாயம் சொல்லுங்க."

அக்கா கித்தாரப் பாத்தாங்க, கொண்டியப் பாத்தாங்க, மோத்தாவப் பாத்தாங்க.

"அவன் சொல்லுறது வாஸ்தவம். பிரிக்கக் கூடாது. மோத்தா, நீ குழுவுலயே இரு. பிரியாணியும் உண்டு."

மோத்தா மொகம் திருவிழா லைட்டு மாதிரி ஆச்சு. எங்க மூணு பேரையும் ஒரு பார்வை பாத்தாரு.

"ஆனா நாளைக்குப் பொழுது அடையிறதுக்கு முன்னால கித்தாரோட என் வீட்டுக்கு வந்துரு"ன்னாங்க அக்கா.

"மறுவீட்டு விருந்தாக்கா?"

"கோழிக்கூட்டு வாசல்ல வந்து நில்லு. கச்சேரி இருக்க அன்னைக்கு நீ கித்தார்காரன். இல்லாத அன்னைக்கு நீ கதவு."