உப்புப் போடாத சொதி

செஃப் லிங்கா என்று ஊருக்கெல்லாம் தெரிந்த குற்றாலிங்கம், திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்வாசல் வழியாக வந்தார். முன்வாசலில் இறங்கியிருந்தால் பந்தி முடிகிறவரை செல்ஃபிக்கு நின்றிருக்க வேண்டும்.

அவருக்குப் பதினான்கு உணவகங்கள். பதினைந்தாவதற்கு அடுத்த மாதம் திறப்பு விழா. ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் சமையல் போட்டி நடுவர். வயது ஐம்பத்திரண்டு.

அடுப்படியில் திரவியம் நின்றிருந்தார். குற்றாலிங்கத்துக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். வயதில் நான்கு வருஷம் இளையவர்தான். ஆனால் பத்து வயதிலேயே அப்பாவோடு அடுப்படிக்கு வந்துவிட்டவர் என்பதால், முதல் நாளிலிருந்தே குற்றாலிங்கத்துக்கு அவர் அண்ணாச்சி.

“என்னவே, வழி தப்பி வந்துட்டீரா?”

“உங்களைப் பாக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி.”

“பந்திக்கு ஒரு மணி நேரம் இருக்கு. சொல்லும்.”

குற்றாலிங்கம் சுற்றிலும் பார்த்தார். சற்றுத் தள்ளி, கூடமாட வேலை செய்கிற பேச்சியம்மாள் பச்சடிக்கு இஞ்சி சீவிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நாக்கு போயிடுச்சு அண்ணாச்சி.”

“பேசுதீரே.”

“ருசி தெரியலை. காய்ச்சல் வந்து நாலு மாசம் ஆச்சு. உப்பும் ஒண்ணுதான், சீனியும் ஒண்ணுதான். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றார்.”

“யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

திரவியம் அண்டாவைக் கிண்டினார். கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதி. முதல் தேங்காய்ப்பால் விட்டாகிவிட்டது.

“அப்புறம் ஞாயித்துக்கிழமை எப்படி மார்க் போடுதீரு?”



“மத்த நடுவருங்க முகத்தைப் பாத்துப் போடுவேன். போன மாசம் தப்பிப்போச்சு. ஒரு பொண்ணு பதட்டத்துல குழம்புக்கு உப்பே போடலை. நான்தான் முதல்ல சாப்பிட்டேன். அளவெல்லாம் கச்சிதம்னு சொல்லிட்டேன். நான் சொன்னதும் மத்தவங்களும் ஆமான்னுட்டாங்க.”

“சரி.”

“பக்கத்து மேடைல இன்னொரு பொண்ணு. ஆவுடைச்செல்வின்னு செங்கோட்டைக்காரி. அவளும் ஒரு வாய் எடுத்துப் பாத்துட்டு, ‘சார், அதுல உப்பே இல்லை’ன்னா. கேமரா ஓடிக்கிட்டிருக்கு.”

“நீர் என்ன சொன்னீரு?”

“‘எனக்கே சொல்லித் தரியாம்மா’ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கே அவளை வெளிய அனுப்பிட்டோம்.”

திரவியம் கிண்டுவதை நிறுத்தவில்லை.

“எல்லாத்தையும் வித்துட்டு ஒதுங்கிடலாம்னு பாக்கேன். ருசி தெரியாதவன் சமையல்காரனா அண்ணாச்சி?”

“அந்தக் கரண்டியை எடும். பேச்சி கையில ஒரு சொட்டு விடும்.”

அது திரவியத்தின் அடுப்படி வழக்கம். சமைத்தவர் தானே உப்புப் பார்ப்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக் கேட்க வேண்டும்.

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். குற்றாலிங்கம் சொட்டு விட்டார். அவள் நக்கிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அம்புட்டு ருசியா இருக்கு சார்! டி.வி.ல வர்றவங்க கையில வாங்கிச் சாப்பிடுவேன்னு நினைச்சே பாக்கலை.”

திரவியம் அவரிடமிருந்து கரண்டியை வாங்கினார். அதே அண்டா. அதே கை. ஒரு சொட்டு.

“பேச்சி, எப்படி இருக்கு?”

“என்னத்தைச் சொல்ல? உப்பை எங்க வச்சிருக்கீரு, மடியிலயா? பந்திக்கு நேரமாகுது, போடும்யா.”

அவள் இஞ்சிக்குப் போய்விட்டாள். குற்றாலிங்கம் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முப்பது வருஷத்துக்கு முந்தி யார் கையிலவே சொட்டு விட்டேன்?” என்றார் திரவியம்.

“என் கையிலதான்.”

“முதல் நாள் என்ன சொன்னீரு?”

“கரிக்குதுன்னு சொன்னேன். உங்கப்பா கரண்டியைத் தூக்கிக்கிட்டு அடிக்க வந்தாரு. நேத்து வந்த பயலுக்கு வாயைப் பாருன்னு.”

“மறுநாளு நான் யார் கையில விட்டேன்?”

குற்றாலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“சொல்லும்வே.”

“என் கையிலதான் அண்ணாச்சி.”

திரவியம் ஒரு தூக்குவாளியை எடுத்து அலசினார். அண்டாவிலிருந்து நான்கு கரண்டி சொதி ஊற்றினார். மூடி போட்டு அழுத்தினார். பிறகுதான் உப்பு ஜாடியைத் திறந்து அண்டாவுக்கு உப்புப் போட்டார். மிச்சத்தில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து, தூக்குவாளியோடு சேர்த்து குற்றாலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

“செங்கோட்டைக்குக் கார்ல ரெண்டு மணி நேரம் ஆகுமா?”

“ஆகும்.”

“சொதி அதுவரைக்கும் தாங்கும். கிளம்பும்.”

குற்றாலிங்கம் வாளியைப் பிடித்தபடி வாசல்வரை போனார். சூடு கைப்பிடிவரை ஏறியிருந்தது. நின்று திரும்பினார்.

“அண்ணாச்சி, இதுக்கு உப்பு எவ்வளவு போடணும்?”

திரவியம் அடுத்த அடுப்புக்கு நகர்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“அதை அந்தப் பிள்ளை சொல்லுவா.”