கொக்குகள் நின்ற குளம்

முன்னொரு காலத்திலே, குளங்கள் நிறைந்த மேகவதி நாட்டிலே, அரும்பாயி என்றொரு பெண் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் குப்பாண்டி ஒருவன்தான் துணை. அவனையும் சண்டகேது என்ற மந்திரவாதி தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அரும்பாயி மந்திரவாதியின் மாளிகைக்கே போனாள். "என் அண்ணனை விட்டுவிடுங்கள்" என்றாள்.

சண்டகேது சிரித்தான். பஞ்சு மூட்டைகளும் ஒரு ராட்டையும் கிடந்த அறையைக் காட்டினான். "இந்த அறை நிறைய நூல் நூற்றுக் கொடு. விட்டுவிடுகிறேன்."

அவள் நூற்றாள். களைத்து நிமிர்ந்தாள். ராட்டை பேசியது: "இன்னும் கொஞ்சம்!"

நூற்றாள். பசித்து எழுந்தாள். "இன்னும் கொஞ்சம்!"

நூற்றாள். ஜன்னலில் ஏதோ சிறகடித்தது. தலை திரும்புமுன்பே, "இன்னும் கொஞ்சம்! அண்ணன் வேண்டாமா?"

மாதங்கள் போயின. அறை நிறையவில்லை.

ஒருநாள் அடைமழையில் கூரை ஒழுகிப் பஞ்செல்லாம் நனைந்தது. காயும்வரை நூற்க முடியாது. ராட்டை கத்திக்கொண்டே இருக்க, அரும்பாயி வெளியே போய்க் குளத்தங்கரையில் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க மறுத்தது, புல்லைப் பிடுங்கியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது.

'இவ்வளவு நூற்றும் அறை ஏன் நிறையவில்லை? என்னை ஏன் நிமிரவே விடுவதில்லை? நான் எதைப் பார்த்துவிடக் கூடாது?'

நிமிர்ந்து பார்த்தாள். குளம் முழுக்கக் கொக்குகள். அதில் ஒன்று இவளையே பார்த்தபடி நின்றது. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி... அப்படிப் பார்க்கிறவன் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

"குப்பாண்டி அண்ணா!"

இறகுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அண்ணன் நின்றான்.

"இப்பவாவது பார்த்தியே, தங்கச்சி! ஜன்னல்ல எத்தனை தடவை தட்டினேன்! ஒத்தக்கால்ல நின்னு நின்னு காலே மரத்துப்போச்சு."

அரும்பாயி அழுதாள், சிரித்தாள். "மத்த கொக்கெல்லாம்?"

"எல்லாம் மனுஷங்கதான். சொந்தக்காரங்க அடையாளம் கண்டு பேர் சொன்னா மந்திரம் போயிரும். அதான் உன்னை நிமிர விடலை."

நாடெங்கும் சேதி போனது. ஆளைப் பறிகொடுத்தவர்கள் ஓடிவந்தார்கள். அவசரக்காரர்கள் கண்ட கொக்கையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பலிக்கவில்லை. பேசாமல் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்டுகொண்டார்கள். ஒவ்வொரு கொக்கும் மனிதனாக மாற மாற, சண்டகேதுவின் சக்தி குறைந்தது. கடைசியில் அவன் மாளிகை ஈரச் சுவர் போலச் சரிந்தது. அவன் நாட்டைவிட்டே ஓடினான்.

அண்ணனும் தங்கையும் வீடு திரும்பிச் சுகமாக வாழ்ந்தார்கள். அன்றிலிருந்து மேகவதி நாட்டில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால், "வேலைவெட்டி இல்லையா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. சத்தம் போடாமல் ஒதுங்கி நடந்து போவார்கள்.